பழைய காரும் அன்றாடப் பயணமும்

பழைய பொருள்களை விரும்புவோர் இருவகையினர். ஒரு வகையினர் அவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுவர். மற்றொரு வகையினர் எடுத்துப் புழங்குவர். பாட்டியின் பித்தளைப் பாத்திரம் பரணில் இருந்தாலும் பெருமைதான். அடுப்பில் ஏறிப் பொங்கல் பொங்கினாலும் பெருமைதான். ஆனால் அடுப்பில் ஏற்றுமுன் ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் சமைத்தால் பெருமை நஞ்சாகிவிடும். பழைய மோட்டார் காருக்கும் இந்த நியாயம் அப்படியே பொருந்தும்.

பழைய காரை வாங்கி நாள்தோறும் ஓட்டலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். என்னிடம் மோட்டார்த் தொழில் பயின்ற ஒருவர் அண்மையில் இக்கேள்வியுடன் வந்தார். இராசிபுரத்தை அடுத்த சவ்வரிசி ஆலையொன்றில் கணக்கராக இருக்கிறார். வீட்டிலிருந்து ஆலை 12 கிலோமீட்டர். வழியில்தான் மகள் படிக்கும் பள்ளி. "ஐயா, ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு விலைக்கு வருகிறது. வாங்கி, வேலைக்கு அதிலேயே போய்வரலாம் என்று நினைக்கிறேன். மகளையும் பள்ளியில் இறக்கிவிட்டுப் போகலாம்" என்றார். கையில் இருந்தது பல ஆண்டுச் சேமிப்பு. அது போனால் மறுபடி சேர்ப்பது எளிதன்று.

அந்தக் கார் எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலி நாட்டுக் கலைஞர் ஜியோவன்னி மிக்கலோட்டி. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்கு அருகில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் அதைச் செய்தார்கள். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று பெயர்களுக்குள் இந்தியரின் கார் ஆசை அடங்கியிருந்த காலம் அது. 1962-இல் இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, மேல் திறந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காராக டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற வண்டியை ஆங்கிலேயர் செய்தனர். அது 1980 வரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே நம் சென்னை ஹெரால்டு, உலகெங்கும் இளைஞர் மயங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு. மூக்குப் பகுதி முழுவதும், சக்கர மூடிகளோடு சேர்ந்து, முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். சுமார் 25 அடி வட்டத்துக்குள் வண்டி முழுவதும் திரும்பிவிடும். எஞ்சினின் கொள்ளளவு 948 கன சென்டிமீட்டர்தான். 1972-இல் அதன் இடத்தைக் கெஸல் என்ற வண்டி பெற்றது. 1980-களின் இறுதியில் அந்தத் தொழிற்சாலையின் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

செய்தவனே இல்லாத வண்டிக்கு உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும்? இக்கேள்விக்கு நம் சீமையில் ஒரு நல்ல விடை உண்டு. நாமக்கல்லைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் சக்கரமும் தாங்கிய வெறும் எலும்புக்கூடாக வரும் லாரிக்குத் தலையும் உடலும் கட்டித் தருவது அவ்வூர்ப் பட்டறைகளின் தொழில். சங்ககிரியில் லாரி இல்லாத தெரு அரிது. திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களில் பாறையைத் துளைக்கின்றன. இத்தனைக்கும் துணை நிற்பவை லேத், வெல்டிங், டிங்கரிங் பட்டறைகள். கிடைக்காத பாகத்தைக் கடைந்து தரும் கைகள் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே நிறைய உள்ளன. பெருநகரத்தில் இருப்பவருக்கும் எளிதில் வாய்க்காத வசதி இது.

ஆனால் கை இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. நானும் அவருமாகச் சென்று வண்டியைப் பார்த்த முறையைச் சொல்கிறேன். பளபளக்கும் வண்ணத்தை நாங்கள் கடைசியில்தான் பார்த்தோம்.

முதலில் அடியில் படுத்துச் சேஸிஸைப் பார்த்தோம். ஹெரால்டின் உடல் பல துண்டுகளாகச் செய்யப்பட்டு, தனியான இரும்புச் சட்டத்தின்மேல் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. உடலைக் கழற்றி மாற்றலாம். சட்டம் இற்றுப்போனால் வண்டியே போயிற்று. நடுச்சட்டத்திலிருந்து இருபுறமும் நீளும் கைகளில் சிறு சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். துருவேறிய இரும்பு மொத்தென்று சொல்லும். கடற்காற்றின் உப்பு எட்டாத காரணத்தால் சேலத்து வறண்ட காற்று இரும்புக்கு ஓரளவு நல்லது. எனவே அந்த வண்டி எந்த ஊரில் வாழ்ந்தது என்று கேட்பதும் சோதனையில் ஒரு பகுதியே.

கடற்காற்று இல்லையென்றாலும் நம் ஊர் உப்பு வேறு வழியில் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், கொதிக்கும் பாத்திரத்தின் அடியில் படிவதுபோலச் சுண்ணாம்புப் படிவு அதன் மெல்லிய குழாய்களை அடைக்கும். படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. சித்திரை வெயிலில் எஞ்சின் சூடேறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். தூய நீரும் குளிர்விப்புத் திரவமும் கலந்து ஊற்றுவதே முறை.

அடுத்து எஞ்சின். பழைய எஞ்சின்கள் ஈயச் சேர்மம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. ஈயம் வால்வு இருக்கையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைத்தது. மனித மூளைக்கும் நரம்புக்கும் அது நஞ்சாதலால் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவு. ஆயினும் பழைய இரும்புத் தலையில் வால்வு இருக்கைகள் மெல்லமெல்ல உள்வாங்கும். கடினமாக்கப்பட்ட எஃகு வளையங்களைப் பதித்தால் குறை தீரும். இது லேத் பட்டறைக்கு உரிய வேலை. இனி, இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்து வருகிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அரிக்கும். காற்றின் ஈரத்தை ஈர்த்து, தொட்டியில் துரு பிடிக்கவும் வழிசெய்யும். ஆகவே எரிபொருள் செல்லும் வழியிலுள்ள ரப்பர் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றியாக வேண்டும். பெட்ரோல் ஒழுகும் குழாயும் சூடான எஞ்சினும் அருகருகே இருப்பது என்ன விளைவிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பிரேக்கு. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரங்களிலும் பிடிப்பு போய்விடும். கை பிரேக்கு ஒன்றே மிஞ்சும். இக்கால வண்டிகளில் வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். ஓர் இயற்பியல் உண்மையையும் நினைவில் கொள்ளுங்கள். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும்; பிரேக்கு பிடித்தபின் நிற்கும் தூரமும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதோடு டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். வரிப்பள்ளம் ஆழமாக இருந்தும் வயது முதிர்ந்த டயர் வெடிக்கக்கூடும்.

நான்காவது காகிதம். பலர் கடைசியில் பார்ப்பது. முதலில் பார்க்க வேண்டியது. பதிவுச் சான்றிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களோடு ஒத்திருக்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு நடுவண் அரசு மற்றொரு விதியையும் கொண்டுவந்தது. 50 ஆண்டுகளைக் கடந்து, மூல உருவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகள் என்று தனியே பதியலாம். அது பெருமையான பதிவுதான். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, பந்தய ஊர்வலம், ஆராய்ச்சி, எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். வழக்கமான பயணத்துக்கு ஆகாது. நாள்தோறும் வேலைக்குப் போக விரும்புகிறவர் இப்பதிவுள்ள வண்டியை வாங்கினால் பணம் போகும், பயணமும் இராது. நாங்கள் பார்த்த வண்டி சாதாரணப் பதிவில் இருந்தது. புதுப்பித்த சான்றும் இருந்தது.

சோதனை முடிந்தது. சட்டம் நன்று, எஞ்சின் சுமார், பிரேக்கும் டயரும் அடியோடு மாற்றத்தக்கவை. கணக்கரல்லவா, வாங்கும் விலைக்குக் கீழே பழுதுச் செலவையும் எழுதிக் கூட்டினார். தொகை கைக்குள் அடங்கியது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குச் சென்றோம்.

அவருடைய மனைவியார் செவிலியராகப் பணியாற்றுகிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்கள் சொன்னதெல்லாம் வண்டியைப் பற்றி. என் மகள் அதில் எங்கே உட்காருவாள்? அவளைப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?" என்று கேட்டார்.

விபத்துப் பிரிவில் பணிசெய்த அம்மையாரின் கேள்வி அது. மூன்று முனை இருக்கை வாரை வால்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் அமைத்துத் தந்ததும் 1959-இல்தான். ஹெரால்டு பிறந்த அதே ஆண்டு. ஆனால் நாங்கள் பார்த்த வண்டியில் வாரும் இல்லை, காற்றுப்பையும் இல்லை. மோதலில் தான் நசுங்கி மனிதனைக் காக்கும் வகையில் அதன் முன்பகுதி அமைக்கப்படவும் இல்லை. வார் பொருத்தலாம், உறுதியான தகடு வைத்துச் சட்டத்தோடு பிணைக்கத் தெரிந்த கை வேண்டும். அப்போதும் இன்றைய காருக்கு அது நிகராகாது. இதை மறைக்காமல் சொன்னேன்.

அன்றிரவு அவர்கள் பேசி எடுத்த முடிவு இது. வண்டியை வாங்குவது, பிரேக்கு, டயர், எரிபொருள் குழாய், முன்னிருக்கை வார் ஆகியவை முடியும்வரை சாலையில் இறக்குவதில்லை. கிராமச் சாலை வழியே ஆலைக்கு மட்டும் போவது. லாரிகள் விரையும் நான்குவழிச் சாலையில் ஏறுவதில்லை. மகள் எப்போதும்போலப் பள்ளிப் பேருந்திலேயே செல்வாள். தந்தைக்குச் சற்று மனவருத்தந்தான். மகளை அருகில் அமர்த்திப் போவதற்காகவே அவர் பாதி ஆசைப்பட்டிருந்தார். ஆயினும் அம்முடிவை நான் மெச்சினேன். தன் உயிருக்குத் துணிவது ஆசை. பிறர் உயிரை அதில் ஏற்றுமுன் தயங்குவது அறிவு.

மாணவ நண்பர்களே, அன்றாடம் ஓட்டும் பழைய வண்டி நம்மைச் சோம்பியிருக்க விடாது. காலையில் எண்ணெய் அளவு, நீர் அளவு, பிரேக்கு மிதியின் அழுத்தம் என்று மூன்றையும் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். புதிய ஒலி கேட்டால் நிறுத்திக் காரணம் தேட வேண்டும். இவ்வழக்கம் கைவரப் பெற்றவனுக்கு எந்த இயந்திரமும் அடங்கும். உங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு பழைய எஞ்சின் பிரித்துக் கிடந்தால், அனுமதி பெற்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வால்வு இருக்கையை விரலால் தடவிப் பாருங்கள். பாடநூலில் படித்த வெப்பமும் உராய்வும் அழுத்தமும் அந்த இரும்பில் எழுதிவைத்த தழும்புகளை அங்கே காண்பீர்கள்.