சுத்தியலும் கணினியும்

பெருநிறுவனம் ஒன்றுக்கு இணையவழி மென்பொருள் அமைப்பது என்றால், இளைஞர் சிலர் கணினித் திரைமுன் அமர்ந்து இரவு பகலாக எழுதிக் குவிப்பதே அத்தொழில் என்று பலரும் எண்ணுகின்றனர். அத்தொழிலில் பல்லாண்டுகள் கழித்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. எழுதும் வேலை அதில் சிறு பகுதியே. மனிதர்கள் எங்கும் எழுதிவைக்காமல் கைக்கொண்டுவரும் வழக்கங்களைக் கேட்டறிவதே பெரும்பகுதி. நீலகிரி நேயர்கள் நன்கறிந்த குன்னூர்த் தேயிலை ஏலத்தைக் கொண்டே இதனை விளக்க விரும்புகிறேன்.

குன்னூர் ஏல மையம் 1963-ஆம் ஆண்டு தோன்றியது. கூடத்தில் வணிகர் அமர்ந்திருப்பர்; தரகர் லாட் எண்ணைக் கூறுவார்; விலை ஏறும்; சுத்தியல் விழும்; வியாபாரம் முடியும். 2003-இல் டீசர்வ் என்னும் கூட்டுறவு அமைப்பு குன்னூரிலேயே மின்னணு ஏலத்தைத் தொடங்கிற்று. பின்னர்த் தேயிலை வாரியத்தின் மின்னணு ஏலமும் வந்தது. 2016-இல், ஓரிடத்தில் பதிவுபெற்ற வணிகர் நாட்டின் பிற மையங்களிலும் விலை கேட்கும் ஏற்பாடு உண்டாயிற்று.

சுத்தியலின் இடத்தில் கணினியை வைத்தாயிற்று, அவ்வளவுதானே என்று கேட்கலாம். அவ்வளவன்று. ஏலக் கூடத்தில் ஒருவர் தலையசைத்தால் அதன் பொருள் தரகருக்குத் தெரியும். ஒரே லாட்டை இருவர் பங்கிட்டுக்கொள்ள அங்கேயே இசைவதும் உண்டு. கணினிக்கோ தலையசைப்பு விளங்காது. எத்தனை பேர் பங்கிடலாம், யார் முதலில் கேட்டவர், கடைசி நொடியில் வந்த விலை செல்லுமா என்பவற்றை ஐயத்துக்கு இடமின்றி யாரேனும் முடிவுசெய்தாக வேண்டும். மலையில் மழை கொட்டி இணைப்பு அறுபட்டால், அவ்வேளையில் கேட்கப்பட்ட விலை நிற்குமா, நீங்குமா? இது கணினியாளர் விடையிறுக்கக்கூடிய கேள்வியே அன்று. விற்பவரும் வாங்குபவரும் கூடி இசைய வேண்டிய செய்தி. அவர்கள் இசையும்வரை மென்பொருளும் காத்திருக்க வேண்டியதே.

அன்றியும், ஏலம் தனித்து நிற்பதில்லை. தொழிற்சாலை, குடோன், தரகர், வணிகர், வங்கி என ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஒரே பொருளுக்கு ஒருவர் வைத்த பெயர் மற்றவர் ஏட்டில் இராது. இவற்றையெல்லாம் ஒருவாறு இணைத்து முடித்தோம் என்று மூச்சுவிடும் வேளையில் சட்டம் மாறும். 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, நாடெங்கும் விற்பனைக் கணக்குகளின் அமைப்பே மாற வேண்டியதாயிற்று. ஆகவே இம்மென்பொருளைக் கட்டிமுடித்த வீடு என்பதைவிட, உரிய காலங்களில் கவாத்து வெட்டிப் பேண வேண்டிய தேயிலைத் தோட்டம் என்பதே பொருந்தும்.

நான் பணியாற்றிய ஓரிடத்தில், புதிய கணினி வந்த பின்னும் எழுத்தர் ஒருவர் பழைய நோட்டுப் புத்தகத்தை விடவில்லை. மேலாளர்கள் அதனைப் பிடிவாதம் என்றனர். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மழைநாளில் நனைந்து வந்த பசுந்தேயிலைக்கு, ஈரத்தின் பொருட்டு எவ்வளவு எடை கழிக்கப்பட்டது, எவர் முன்னிலையில் கழிக்கப்பட்டது என்பன அதில் இருந்தன. கணினியில் அதற்கு இடமே இல்லை. அந்தப் பெரியவர் பிடிவாதக்காரர் அல்லர். அமைப்பு மறந்ததை அவர் நினைவில் வைத்திருந்தார்.

இத்தகைய மறதியின் விலையைக் கொடுப்பவர் யார்? அமைத்தவரும் அல்லர், வாங்கிய நிறுவனமும் அல்லர். 2003-ஆம் ஆண்டுத் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் வழி, ஏலத்தில் கிடைக்கும் விலையைக் கொண்டே சிறு விவசாயியின் பசுந்தேயிலைக்கு விலை கணிக்கப்படுகிறது. ஏலக் கூடத்தை ஒருநாளும் காணாத அவருடைய கூலியும் கடனும் அந்த எண்ணைப் பற்றியே நிற்கின்றன.

எண் பிழைத்தால் நேரும் கொடுமைக்குப் பிரிட்டன் சான்று. அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் 1999 முதல் ஹொரைசன் என்னும் கணினி முறையைக் கையாண்டது. அம்முறை இல்லாத குறைவுகளையெல்லாம் காட்டிற்று. கணினி பொய் சொல்லாது என்று நம்பி, கிளை அஞ்சலகம் நடத்திய எளிய மனிதர் 900 பேருக்கும் மேற்பட்டோரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தனர். சிலர் சிறை சென்றனர். அத்தீர்ப்புகளைப் பெருமளவில் நீக்கும் சட்டம் 2024-இல்தான் வந்தது. கணக்கு தவறு என்று அவர்கள் சொன்னபோது, செவிசாய்க்க அங்கே ஒருவரும் இல்லாததே பெருந்துயரம்.

ஆதலின் பெருநிறுவன மென்பொருளின் தரத்தை அறிய நான் கேட்கும் கேள்வி, அது எத்தனை விரைவாக ஓடுகிறது என்பதன்று. ‘ஐயா, இக்கணக்கு சரியில்லை’ என்று கடைக்கோடியில் உள்ள விவசாயி சொன்னால், அதனைக் கேட்டு, ஏட்டைத் திறந்து பார்த்து, திருத்தும் அதிகாரம் பெற்ற மனிதர் ஒருவர் இருக்கிறாரா என்பதே. அத்தகையவர் ஒருவர் இருக்கும் அமைப்பைத்தான் நம்பலாம் என்பது என் துணிபு.