வீடு மாறும் செலவும் வரிக் கழிவும்

மகன் ஹூஸ்டனில், மகள் டொரொண்டோவில் என்று பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோர் பலர் உண்டு. அந்தப் பிள்ளைகள் வேலை மாறி வேறு நகருக்குப் போகும்போது, "கவலைப்படாதீங்க அப்பா, செலவை வரியில கழிச்சுக்கலாம்" என்று தொலைபேசியில் சொல்லக்கூடும். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை அப்படிச் சொன்னால் சற்றுக் கவலைப்படத்தான் வேண்டும்.

அந்தக் கழிவு ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. புதிய வேலையிடம், பழைய வேலையிடத்தைவிடக் குறைந்தது 50 மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர், பழைய வீட்டிலிருந்து கூடுதல் தூரத்தில் இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த முதல் 12 மாதத்தில் 39 வாரம் முழுநேர வேலை பார்த்திருக்க வேண்டும். இவை இரண்டும் சரியாக இருந்தால் லாரிக் கூலி, வழியில் தங்கிய செலவு ஆகியவற்றைக் கழித்துக்கொள்ளலாம். வழியில் சாப்பிட்ட செலவு மட்டும் சேராது.

2017ஆம் ஆண்டுச் சட்டம் இதை 2018 முதல் நிறுத்திவைத்தது. வரிக் குறைப்புச் சட்டம் என்று அதற்குப் பெயர். வீடு மாறியவருக்கோ அது வரியைக் கூட்டிய சட்டம். 2025இல் வந்த புதிய சட்டம் அந்த நிறுத்தத்தை நிரந்தரமாக்கிவிட்டது. உத்தரவின் பேரில் இடம் மாறும் இராணுவத்தினருக்கும், 2026 முதல் உளவுத்துறைப் பணியாளருக்கும் மட்டும் கூட்டரசு வரியில் இடம் உண்டு. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் மாநில வரியில் மட்டும் பழைய கழிவைத் தொடர்கின்றன. பழைய விதியைச் சொல்லும் புத்தகங்களும் கட்டுரைகளும் இன்னும் கையில் கிடைக்கின்றன. தேதியைப் பார்க்காமல் நம்பியவர் கணக்கில் இடிப்பார்.

இதில் பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. கம்பெனி தருகிற இடமாற்றப் பணமும் இப்போது சம்பளமாகவே கருதப்பட்டு வரிக்கு உட்படுகிறது. ஓர் இளைஞர் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் போகிறார், கம்பெனி 10,000 டாலர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இத்தகைய தொகையில் பெரும்பாலும் 22 விழுக்காடு கூட்டரசு வரிக்குப் பிடிக்கப்படும். சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 விழுக்காடு. மாநில வரியைப் பார்ப்பதற்கு முன்பே கைக்கு வருவது 7,035 டாலர்தான். லாரிக்காரர் 10,000 கேட்டால் மீதி யார் தருவது? வேலைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுமுன் இந்த வரியையும் கம்பெனியே ஏற்குமா என்று கேட்டுவிட வேண்டும். பல நிறுவனங்கள் கேட்டால் ஏற்கின்றன. கேட்க வெட்கப்படுகிறவர்கள் நம் பிள்ளைகளில் அதிகம்.

கனடாவில் நிலைமை வேறு. அங்கே கழிவு இன்னும் இருக்கிறது. புதிய வீடு வேலையிடத்திற்குக் குறைந்தது 40 கிலோமீட்டர் நெருக்கமாக இருக்க வேண்டும். புதிய இடத்தில் ஈட்டிய வருமானத்தில் மட்டுமே கழிக்க முடியும். மிஞ்சியதை அடுத்த ஆண்டுக்குக் கொண்டு போகலாம். ரசீதுகளை எறியாமல் இருந்தால் போதும்.

ஆக, அமெரிக்காவில் வரி கைகொடுக்காது. மிச்சப்படுத்த வேண்டியது லாரிக்காரரிடம்தான். கோடையில், மே முதல் செப்டம்பர் வரை, கூலி உச்சத்தில் இருக்கும். முடிந்தால் அந்த மாதங்களைத் தவிர்க்கலாம். பழைய சோபாவை 2,600 கிலோமீட்டர் தூக்கிப் போவதைவிட விற்றுவிட்டுப் போவதே லாபம். புத்தகங்களை அஞ்சலகத்தின் புத்தகக் கட்டணத்தில் அனுப்பலாம்.

மாநிலம் விட்டு மாநிலம் பொருள் ஏற்றும் நிறுவனத்திற்கு அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பதிவு எண் இருக்க வேண்டும். எண் இல்லாதவரிடம் மலிவு என்று போனால், பாதி வழியில் கூலியை இரட்டிப்பாக்கி, பொருளைப் பணயமாகப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. மதிப்பீட்டை எழுத்தில் வாங்க வேண்டும். உறுதியான மதிப்பீடு என்றால் அந்தத் தொகைதான். உத்தேச மதிப்பீடு என்றால், பொருளை இறக்கும்போது மதிப்பீட்டின் 110 விழுக்காட்டுக்கு மேல் கேட்கக்கூடாது என்பது சட்டம். மீதிக்கு 30 நாள் கழித்தே பில் அனுப்பலாம்.

கையெழுத்துப் போடும் தாளில் பாதுகாப்புப் பகுதி ஒன்று இருக்கும். கூடுதல் கட்டணம் இல்லாத வகையைத் தேர்ந்தெடுத்தால், உடைந்த பொருளுக்கு ஒரு பவுண்டு எடைக்கு 60 காசுதான் கிடைக்கும். 30 பவுண்டு எடையுள்ள தொலைக்காட்சி, என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும், 18 டாலர். விலை கூடிய பொருள் இருந்தால் முழு மதிப்புப் பாதுகாப்பைக் கட்டணம் கொடுத்து வாங்குவதே மலிவு. பெட்டிகளை இறக்கும்போதே பட்டியலோடு சரிபார்த்து, குறை இருந்தால் அந்தத் தாளிலேயே எழுதிவிட வேண்டும். இழப்பீட்டு மனுவுக்கு 9 மாதம் அவகாசம் உண்டு.