கரிசல் பிள்ளைகளின் குடலும் தட்டும்



பள்ளிப் பிள்ளைகளின் ஊட்டத்தைப் பற்றிப் பேச இந்தக் கருத்தரங்கு நடக்கும் நாகலாபுரத்தைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. இதே கரிசல் வட்டாரத்து எட்டயபுரத்தில்தான் 1956இல் காமராசரின் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. 1982இல் சத்துணவு வந்தது, பிறகு முட்டை, 2022இல் காலை உணவு. தட்டு நிறைந்துகொண்டே வந்திருக்கிறது. தட்டில் விழுந்தது உடம்பில் சேர்கிறதா என்பதுதான் இன்று நம்முன் உள்ள கேள்வி.

சேர்ந்ததைக் களவாடுவதில் கொக்கிப்புழுவுக்குப் பங்குண்டு. அது குடல் சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சும். நம் பக்கம் மிகுதியாகக் காணும் இனத்தில் ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது 0.03 மில்லிலிட்டர்தான். நூறு புழு சேர்ந்தால் 3 மில்லிலிட்டர். அதோடு போகும் இரும்பு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். வளரும் பிள்ளை ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்டு உடம்பில் சேர்ப்பதும் ஏறக்குறைய அவ்வளவே.

2015இல் சில மாநிலங்களில் தொடங்கி, இப்போது நாடெங்கும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறோம். நல்ல திட்டம். ஆனால் 'பூச்சி மாத்திரை போட்டாச்சு' என்று பதிவேட்டை மூடிவிடுகிறோமே, அதுதான் எனக்குக் கவலை. ஒரே மாத்திரை உருண்டைப்புழுவை நன்றாகவே விரட்டும், சாட்டைப்புழுவிடம் தோற்கும், குடிதண்ணீர் வழி வரும் ஜியார்டியாவுக்கு அந்த ஒரு மாத்திரை போதாது. மறுபடி தொற்றுவதையும் அது தடுக்காது.

இந்தக் கரிசல் மண்ணில் கொக்கிப்புழு இல்லை என்பாரும் உண்டு. அதன் இளம்புழுவுக்கு நிழலும் ஈரமும் உள்ள பொலபொலப்பான மண் பிடிக்கும். இறுகிய களிமண்ணும் சித்திரை வெயிலும் ஆகாது. உண்மைதான். ஆனால் சனங்கள் வெளிக்குப் போவது வேலிக்கருவை நிழலில். ஐப்பசி, கார்த்திகையில் காடெல்லாம் நசநசவென்று கிடக்கும். அந்த மாதங்களில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளைச் சோதித்துவிட்டல்லவா 'இல்லை' என்று சொல்ல வேண்டும்? சோதிக்கும் முறையிலும் ஒரு சிக்கல். மலத்தோடு கிளிசரின் சேர்த்துத் தயாரித்த கண்ணாடித் தகட்டில் கொக்கிப்புழு முட்டை ஒரு மணி நேரத்துக்குள் மறையத் தொடங்கும். தகட்டை இங்கே தயாரித்துக் கோவில்பட்டிக்கு அனுப்பி மறுநாள் பார்த்தால், இருக்கிற புழுவும் இல்லாததாகத்தான் தெரியும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் திமிரியிலும் சவ்வாது மலையிலும் பெரியவர்களுக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்து ஆராய்ந்தார்கள். அருமையான உழைப்பு. என்றாலும் அந்த மண் வேறு, கரிசல் வேறு. மறுதொற்றைத் தடுக்கக் கழிப்பறை வேண்டும். ஆனால் மழையில் உப்பும் இந்தக் களிமண் தண்ணீரை உள்ளே விடாது. கழிப்பறைக் குழி சீக்கிரம் நிரம்பிவிடும். கோடையிலோ ஊற்றத் தண்ணீர் இல்லை. பூட்டிக் கிடக்கும் கழிப்பறைக்கு மக்களின் அறியாமையை மட்டும் காரணம் காட்டுவது அநியாயம்.

உணவிலும் ஒன்று. கம்பில் இரும்பு உண்டு. அதைக் குடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட்டும் உண்டு. கூழைப் புளிக்க வைத்தால் அந்தத் தடை குறையும். நம் பாட்டிமார் வழக்கம் இது. பள்ளிச் சமையலிலும் இதற்கு இடம் வேண்டும்.

கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள்: எந்த மாதம், எந்த மண், தகடு எத்தனை நிமிடத்தில் பார்க்கப்பட்டது என்பதை ஒவ்வோர் ஆய்விலும் எழுதுங்கள். முடிவுகளை அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் தாய்மார்களுக்கும் தமிழில் சொல்லிவிட்டு, அதன் பிறகு ஆய்விதழுக்கு அனுப்புங்கள்.