நிக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்

(மாணவர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சினிமா பத்திப் பேசுங்கன்னு கூப்பிட்டீங்க. நான் விமர்சகன் இல்ல. திரைமொழி, சட்டகம் இதெல்லாம் எனக்கு முன்னாடி பேசின தோழர் நல்லாவே சொல்லிட்டார். நான் டிக்கட் வாங்கிப் படம் பாக்குறவன். வீட்ல டிவியில வந்தா சோத்துத் தட்டோட உக்காந்து பாக்குறவன். 2023, 2024-ல் வந்த நாலு படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோணினதைச் சொல்றேன். தப்பா இருந்தா திருத்துங்க.

அதுக்கு முன்னாடி ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கணும். 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்' வந்தது. நான் அப்ப ப்ளஸ் டூ. எங்க சேரிப் பசங்க ஏழெட்டுப் பேரு சைக்கிள்ல டபுள்ஸ் போட்டு டவுனுக்குப் போய்ப் பார்த்தோம். அதுல வடிவேலு இசக்கியா வருவார். கோயில் பூட்டைத் திறந்தார்னு கையை வெட்டிடுவாங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, இனிமே திங்கிறதுக்கும் கழுவுறதுக்கும் ஒரே கைதான்னு அவரே சொல்லிச் சிரிப்பார். தியேட்டரே சிரிச்சது. வெட்டுறவன் வீட்டுப் பிள்ளையும் சிரிச்சான், வெட்டுப்படுறவன் வீட்டுப் பிள்ளை நானும் சிரிச்சேன். திரும்பி வரும்போது படத்துப் பாட்டைப் பாடிக்கிட்டேதான் வந்தோம். அதே வருஷம் 'சின்னக்கவுண்டர்', 1993-ல 'எஜமான்', 1994-ல 'நாட்டாமை'. தீர்ப்புச் சொல்றவர் எல்லாத்துலயும் உக்காந்திருப்பார். நாம கூட்டத்துல கைகட்டி நிப்போம். அதையும் காசு கொடுத்துத்தான் பார்த்தோம். ஆதிக்க சாதிப் பெருமிதத்துக்கு நம்ம கைத்தட்டலும் கூலியில்லா உழைப்பாப் போயிருக்கு.

இப்ப 'மாமன்னன்'. 2023 ஜூன் மாசம் வந்தது. மாரி செல்வராஜ், இது அந்த இசக்கியோட கதைதான்னு கமல்ஹாசன் உக்காந்திருந்த மேடையிலேயே சொன்னார். அதே வடிவேலு. இந்தத் தடவை அவர் எம்.எல்.ஏ. ஆனா கட்சிக்காரன் ரத்னவேலு வீட்டுக்குப் போனா நிக்கிறார். மகன் உக்காருங்கப்பாங்கிறான், அவர் தயங்குறார். அந்தத் தயக்கத்துல வடிவேலு முகத்தைப் பாருங்க. இந்த மனுசன் பயந்தாங்கொள்ளி இல்ல, அறியாதவனும் இல்ல. உக்காந்தா என்னென்ன நடக்கும்னு வரிசையா அவருக்குத் தெரியும். கிணத்துல குளிச்ச பிள்ளைகளைக் கல்லெறிஞ்சு கொன்னவங்களை எதுவும் செய்ய முடியாமப் போன ஆள் அவர். அந்தக் கணக்கு முழுக்க முகத்துல ஓடுது. முப்பது வருஷம் நம்மளச் சிரிக்க வச்ச முகம் அது.

படத்துல குறை இல்லாம இல்ல. ரெண்டாம் பாதி தேர்தல் கணக்குல ஓடிடுது. கீர்த்தி சுரேஷ் பாத்திரம் முதல்ல நல்லா ஆரம்பிச்சு, பிறகு பக்கத்துல நிக்கிற வேலையோட முடிஞ்சிடுது. (நம்ம இயக்கக் கூட்டங்கள்லயும் அப்படித்தானேன்னு என் மனைவி கேட்டாங்க. பதில் சொல்லல.) கடைசியில மாமன்னன் சபாநாயகர் ஆகிறார். அது வெறும் கற்பனை இல்ல, 2012-லேயே தனபால் அந்த நாற்காலியில உக்காந்துட்டார். ஆனா கூத்து எங்க நடந்ததுன்னா, படம் நெட்ஃபிளிக்ஸ்ல வந்த பிறகு. ரத்னவேலு வர்ற காட்சிகளை மட்டும் வெட்டி, சாதிப் பாட்டுகளை ஒட்டி, எங்க ஆளுன்னு செல்போன்ல சுத்த விட்டாங்க. நாயை அடிச்சுக் கொல்றவனை நாயகன் ஆக்கிக்கிட்டாங்க. நாம படம் எடுத்தாலும் அதுல தங்களுக்கு ஒரு நாற்காலியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிறான் சாதி இந்து. இதை ஃபகத் ஃபாசில் நடிப்போட வெற்றின்னு சொல்லிக் கடந்து போக என்னால முடியல.

2024 செப்டம்பர் 20, ஒரே நாள்ல ரெண்டு படம். ஒண்ணு 'லப்பர் பந்து'. சாதியைக் காரணமா வச்சு சொந்த ஊர் டீம்ல சேர்க்காததால ஊர் ஊராப் போய் அடுத்தவன் டீமுக்கு ஆடுற பையன் கதை. எனக்கு ரொம்பப் பிடிச்சது. நாங்களும் ஊர்த்தெரு கிரவுண்டுல பந்து பொறுக்கிப் போட்டவங்கதான், மட்டை கைக்கு வந்ததில்ல. சமரசப் படம்னு ஒரு தோழர் சொன்னார். இருக்கலாம். ஆனா தியேட்டர்ல நான் கவனிச்சது, சிரிப்பு சேரிக்காரன் மேல விழல. மாமனும் மருமகனும் அடிக்கிற வீம்பு மேல விழுந்தது. 1992-க்கு அப்புறம் எனக்கு அது பெரிய விஷயம்.

இன்னொண்ணு 'நந்தன்'. இரா. சரவணன் படம். இது அதிகம் பேர் பார்க்கல. எனக்குச் சண்டை இருக்கிறதும் இந்தப் படத்தோடதான். ரிசர்வ் ஆன பஞ்சாயத்துல, ஊர்ப் பெரிய மனுசன் தன் வீட்டு வேலையாளைத் தலைவராக்கி, பேருக்கு உக்கார வைக்கிறான். உக்காரக்கூட விடல. நல்ல எண்ணத்துல எடுத்த படம், கடைசியில நிஜத் தலைவர்களையே பேச வச்சிருக்காங்க, மறுக்கல. ஆனா சசிகுமார் முகத்துல கரியைப் பூசினது ஏன்? அதைவிட, அந்தக் கூழ்பானை ஏன் அவ்வளவு வெள்ளந்தி? ஒண்ணுமே புரியாத ஆளா?

எங்க பெரியப்பா இப்படி ஒரு தலைவரா இருந்தவர். பஞ்சாயத்து ஆபீஸ் நாற்காலியில துணைத் தலைவர் உக்காந்திருப்பார், பெரியப்பா வெளியில திண்ணையில. பஞ்சாயத்துச் செக்குல தலைவரும் துணைத் தலைவரும் ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அதனால இவரை வச்சு மிரட்டிக் கையெழுத்து வாங்குவாங்க, இவர் கேக்குற கையெழுத்து மட்டும் வராது. எங்க தெருவுக்குத் தண்ணிக் குழாய்க்கு ஒரு செக்கு எட்டு மாசம் கிடந்தது. நான் அப்ப புத்தகம் படிச்ச திமிர்ல, "ஏன் பெரியப்பா இப்படி ஏமாந்து நிக்கிற? உள்ள போய் உக்காரு"ன்னேன். அவர் பீடியை அணைச்சிட்டு, "மேலவளவு எங்க இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?"ன்னார். 1997 ஜூன் 30, பஸ்ஸை மறிச்சு முருகேசனையும் கூட வந்தவங்களையும் வெட்டினாங்களே, அந்த மேலவளவு. பேப்பர் படிக்கத் தெரியாத மனுசனுக்கு அந்தச் சேதி முழுசாத் தெரிஞ்சிருந்தது. பாப்பாபட்டியிலயும் கீரிப்பட்டியிலயும் 1996-லேருந்து பத்து வருஷம் ஒரு தலைவரை உக்கார விடாமத் தடுத்தாங்களே, அதுவும் தெரியும். இத்தனையும் தெரிஞ்சேதான் திண்ணையில இருந்தார். அங்க இருந்துக்கிட்டேதான் பி.டி.ஓ. ஆபீசுக்கு ஆள் மேல ஆள் அனுப்பி, ஒன்பதாவது மாசம் அந்தச் செக்கை வாங்கினார். எந்த நல்ல அதிகாரியும் தேடி வரல. நம்மளை அறியாதவனாக் காட்டினா பாக்குறவனுக்கு இரக்கம் வரும்னு படம் எடுக்கிறவங்க நினைக்கிறாங்க. இரக்கம் வரட்டும், அதுக்காக எங்க பெரியப்பாவோட புத்தியை எடுத்துடாதீங்க.

நேரம் ஆச்சுன்னு சீட்டு வருது. 'வாழை' பத்திச் சொல்லிட்டு முடிச்சுடறேன். 2024 ஆகஸ்ட்ல வந்தது. பூங்கொடி டீச்சர் கதை நீளம்னு என் பொண்ணு சொன்னா. எனக்கும் அப்படித்தான். ஆனா தார் சுமக்கிற காட்சிகள்ல கழுத்து வலிச்சது. கூலியில ஒரு ரூபா கூட்டிக் கேட்டதுக்கு, அந்தக் காசை வேற வழியில பிடிக்கிறான் வியாபாரி. ஆளுங்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏத்தின லாரி மேலேயே ஏறிப் போங்கங்கிறான். விபத்து நடக்குதுன்னு சொல்றோமே, அது இப்படித்தான் கணக்குப் போட்டு நடத்தப்படுது. இயக்குநர் ஊர்ல நிஜமா நடந்தது.

எங்க அம்மா கரும்பு வெட்டுக்குப் போனவங்க. முன்பணம் வாங்கிட்டு, கட்டு ஏத்தின டிராக்டர் பெட்டி மேல உக்காந்து வருவாங்க. ராத்திரி ரோட்டுல டிராக்டர் சத்தம் கேட்டாத்தான் நாங்க தூங்குவோம். அவங்களுக்கு இப்ப எழுபது தாண்டிருச்சு. 'வாழை'யை வீட்ல போட்டப்ப கூடவே பார்த்தாங்க. லாரி கவிழ்ந்தப்ப அழல. பையன் பசியில சோத்துப் பானையைத் தேடும்போதும் அழல, "சாப்பிடட்டும் விடு"ன்னு மட்டும் டிவியைப் பார்த்துச் சொன்னாங்க. படம் முடிஞ்சு பேர் ஓடும்போது என்கிட்ட கேட்டாங்க: "அந்தத் தாரெல்லாம் கீழ கொட்டிக் கிடந்துச்சே, அதைப் பொறவு யாரு ஏத்திக்கிட்டுப் போனா?"

படத்துல அது வரலம்மான்னு சொன்னேன்.

"வராது. மறுநாள் எங்களைத்தான் கூப்பிடுவான்"னாங்க.