சுவரில் தொங்கும் போர்



உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரைப் படித்தவர்க்கு ஒன்று புலப்படும். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) குடவோலை முறையைப் பொறித்தவர்கள், எந்த மன்னன், எந்த ஆண்டு, எந்தச் சபை என்பவற்றை முதலில் சொன்னார்கள், விதிகள் பின்னரே வந்தன. சுவரில் ஏறியது எதுவானாலும் அதற்கு நாளும் பெயரும் வேண்டும் என்பது அவர்கள் துணிபு.

இன்று பழைய போர்க்காலப் புகைப்படங்கள் கித்தானில் பெரிதாக அச்சிடப்பெற்று வரவேற்பறைகளை அழகு செய்கின்றன. கித்தானை மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடிக்கையில் நான்கு விளிம்புகளும் பின்புறம் மடிந்துவிடுகின்றன. படத்தின் அடியில் இருந்த குறிப்பும் அம்மடிப்புக்குள் போய்விடக்கூடும். நெசவின் சொரசொரப்பு புகைப்படத்துக்கு ஓவியத்தின் சாயலைத் தருகிறது. பார்ப்பவர் 'நல்ல வெளிச்சம்' என்கிறார்.

லக்னோவின் சிக்கந்தர் பாக் படத்தை எண்ணிப் பார்க்கலாம். சிதைந்த மாளிகை, அதன் முன்னே சிதறிய எலும்புகள். 1857 நவம்பர் 16 அன்று அங்கே ஏறத்தாழ 2000 இந்திய வீரர்கள் கொல்லப்பட்டனர். பெலிசே பியாட்டோ படமெடுத்ததோ 1858இல், மாதங்கள் கடந்து. மூடப்பட்டிருந்த உடல்களைப் படத்துக்காகவே அவர் வெளிப்படுத்தச் செய்தார் என அந்நாளைய ஆங்கில அதிகாரி ஒருவர் எழுதியுள்ளார். அக்காலக் கண்ணாடித் தகட்டில் படம் பதிய நொடிகள் பல வேண்டும். ஓடும் போரை அது பிடிக்காது. ஆகவே போர் ஓய்ந்தபின் காட்சி அமைக்கப்பட்டது. குறிப்பில்லாமல் பார்ப்பவருக்கு அது போர்க்களத்தின் நேர்சாட்சி. மாண்டவர்க்கு மறுமுறையும் பெயரில்லை.

சென்னையும் இதற்கு விலக்கன்று. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சுட்டதில் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் எரிந்தன. அந்தப் புகையைப் படமாய்க் கண்டவர் சிலரே. 'அவன் பெரிய எம்டன்' என்னும் வழக்கோ சிற்றூர்களிலும் உண்டு. படம் செய்யாததைச் சொல் செய்தது. ஆனால் அச்சொல்லிலும் அன்றிரவு மாண்டவர்கள் இல்லை. உயர்நீதிமன்றச் சுவரில் பதித்த கல்லொன்று அந்த நாளை மட்டும் காத்து நிற்கிறது.

இவ்வட்டத்துக் கவிஞர்க்கு வேலை இங்கேதான். படத்தைப் புகழ்ந்து பாடுவது எளிது. எடுத்தவர் யார், எந்நாள், வீழ்ந்தவர் எவர், விற்பவர் எவர் என நான்கு வரி எழுதி அப்படத்தின் அருகே ஒட்டச் சொன்னால், வாங்க வந்தவர் சிறிது தயங்குவார். சிலர் வாங்காமலும் போவர். வாங்கியவர் வீட்டுப் பிள்ளை ஒருநாள் அதைப் படிக்கும்.