மலை ஏரியும் பொய்ப் பூச்சியும்

பள்ளி விடுமுறை வந்தால் செலண்டார் வட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் மண்புழுவைத் தோண்டிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போவார்கள். முள்ளில் புழுவைக் கோர்த்து, நரம்பில் ஈயக்குண்டு கட்டி வீசுவார்கள். இன்று நாம் பேசப்போவது புழுவும் குண்டும் இல்லாத ஒரு மீன்பிடி முறையைப் பற்றி. அதைப் பார்க்கத் தமிழ்நாட்டின் நீலகிரி மலைக்குப் போகவேண்டும்.

அந்த மலையில் டிரவுட் என்றொரு மீன் உண்டு. அது அந்த மண்ணின் மீன் அன்று, குளிர்நாட்டிலிருந்து வந்தது. ஊட்டியில் குடியேறிய துரைமாருக்குத் தங்கள் ஊர் ஓடையும் தூண்டிலும் நினைவை விட்டுப் போகவில்லை. 1863-ஆம் ஆண்டிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் இந்த மீனைக் கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. பிறகு வில்சன் என்ற மீன்வள நிபுணரின் முயற்சியில், 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைந்தது. வானவில் டிரவுட் என்ற வகை மலையோடைகளில் நிலைத்தது. கூடை சுமந்து துரைகளின் பின்னே நடந்தவர்கள் யார் என்பதை நம் பாட்டன் பாட்டிகளைக் கேட்டால் ஊகித்துச் சொல்வார்கள்.

இந்த மீனை நம் ஓடையில் விட்டால் என்ன? ஒரு நாள் தாங்குவதே அரிது. இதற்கு 10 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த நீர் வேண்டும். 25 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையும். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரி நீர் ஏழரைதான் தாங்கும். நம் கெளுத்திக்கு அது போதும். டிரவுட்டுக்கு மூச்சு முட்டும்.

1938-இல் முக்குர்த்தி அணை எழுந்தது. இப்படிப் புதிதாக நீர் நிரம்பும் ஏரிகளில் மீன் பெருப்பது வழக்கம். மூழ்கிய புல்லும் மண்ணும் புழு பூச்சிகளுக்கு உணவாகும். அவற்றைத் தின்று மீன் கொழுக்கும். சில ஆண்டுகளில் அந்த விருந்து தீர்ந்துவிடும். அப்புறம் பெரிய மீன் என்பது அரிதாகக் கிடைக்கும் ஒன்றுதான்.

அதைப் பிடிக்க வருபவரின் முள்ளில் இருப்பது பொய்ப் பூச்சி. சேவலின் கழுத்து இறகையும் விலங்கின் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டியது. ஊதினால் பறந்துவிடும், அதை எப்படி எறிவது? எறிவது பூச்சியை அல்ல, கயிற்றை. கயிறுதான் கனம். கோலைப் பின்னே ஓங்கி, கயிறு முழுவதும் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, முன்னே வீசவேண்டும். அந்த ஒரு கணத்தைப் பொறுக்காதவர் தம் தொப்பியையே பிடிப்பார்! ஏரியில் அன்று எந்தப் பூச்சி பறக்கிறது, எந்த ஓரத்தில் மீன் வாய் வைக்கிறது என்று பார்த்தபிறகே பூச்சியைத் தேர்ந்தெடுப்பார்கள்.

இந்த இறகுக்கு ஒரு வருத்தமான கதையும் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகுப் பொட்டுப் போன்ற மினுமினுப்பு இருக்கும். வெளிநாட்டில் பொய்ப் பூச்சி கட்டுவோர் அதற்கு நல்ல விலை கொடுத்தார்கள். வேட்டை மிஞ்சியது. கடைசியில் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்யவேண்டி வந்தது. முக்குர்த்தி ஏரியும் இன்று வரையாடுகளைக் காக்கும் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அனுமதியின்றி யாரும் நுழைய முடியாது.

துரைமார் விளையாட்டு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நம் நாட்டின் பழைய ஈயக்குட்டைகளில் தோமான் மீன் இருக்கிறதே! நம் ஊர் விராலுக்கு உறவு. அதன் குஞ்சுகள் செந்நிறமாகத் திரண்டு நீர்மேல் வரும். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். கூட்டத்தின் நடுவே எதைப் போட்டாலும் பெற்ற மீன் பசியால் அல்ல, கோபத்தால் பாயும். பெரிய மீன் எளிதாக அகப்படும். ஆனால் காவல் போன அன்றே குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்னத் தொடங்கும். அந்தச் செந்நிறக் கூட்டத்தைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போகும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.