பேரில்லாத மனிதனுக்கு ஒரு ஓட்டு

(தென்காசியில் ஒரு கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சாரல் அடிக்கும் நாளில் குற்றாலத்து அருவியை விட்டுவிட்டு இங்கு வந்திருக்கிற உங்களிடம் நாம் ஒரு சினிமாவைப் பற்றிப் பேசப் போகிறோம். சினிமாவில் நமக்குப் பெரிய மதிப்புக் கிடையாது. அந்த அபிப்பிராயத்தை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் "மண்டேலா" என்ற இந்தச் சிறு முதலீட்டுப் படத்தைப் பற்றிச் சும்மா இருக்க நம்மால் முடியவில்லை.

இது 2021 ஏப்ரல் 4-ந் தேதி கொட்டகைக்கு வராமலே நேராக டெலிவிஷனில் காட்டப்பட்டது. 6-ந் தேதி சட்டசபைத் தேர்தல். அந்த அமளியில் இதை யார் கவனித்தார்கள்? மறு வருஷம் அறிவிக்கப்பட்ட 68-வது தேசியப் பரிசுகளில், டைரக்டர் மடோன் அஷ்வினுக்கு முதல் படத்துக்கென்று ஒன்றும் வசனத்துக்கென்று ஒன்றுமாக இரண்டு பரிசுகள் கிடைத்தன. இருந்தும் நம் பக்கத்தில் கேட்டால், "யோகி பாபு படமா? சிரிப்புப் படம்தானே" என்பதோடு சரி.

சிரிப்புப் படம்தான். சூரங்குடி என்று ஒரு கிராமம். வடக்கூரார் ஒரு ஜாதி, தெற்கூரார் ஒரு ஜாதி. கக்கூஸ் திறப்பு விழாகூட ஜாதிச் சண்டையில் முடிகிற ஊர். அங்கே முடி வெட்டும் ஒருவர், மரத்தடியில் வாசம், வீட்டுக்குக் கூப்பிட்டால் கொல்லை வழி. அவருக்குப் பேரே கிடையாது, "இளிச்சவாயன்" என்பார்கள். சேர்த்த காசைத் தபாலாபீசில் போடப் போனால் அடையாளக் கார்டு வேண்டும், கார்டுக்குப் பேர் வேண்டும். அங்கே வேலை பார்க்கும் பெண்மணி, 27 வருஷம் சிறையிலிருந்த தென்னாப்பிரிக்கத் தலைவரின் பேரை அவருக்கு வைக்கிறார். பேர் வந்தது, கூடவே ஓட்டும் வந்தது. பஞ்சாயத்துத் தேர்தலில் எண்ணிப் பார்த்தால் இரு ஜாதி ஓட்டும் சரிசமம், மிச்சம் இந்த ஒற்றை ஓட்டு! அவ்வளவுதான், நேற்றுக் கொல்லை வழி வந்தவருக்கு இன்று மாப்பிள்ளை உபசாரம். ஓட்டு யாருக்கு என்று சொல்லாதபோது அதே கைகள் அடிக்கவும் ஓங்குகின்றன. நாம் சிரித்த சிரிப்பு அங்கே தொண்டையில் நின்றுவிடுகிறது.

நம்மவர்களுக்கு உறைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த ஊர்த் தலைவர் பெரியாரைப் பின்பற்றுகிறவர். சங்கிலி முருகன் நடித்திருக்கிறார். இரு ஜாதியையும் ஒன்றாக்குவதற்காக ஜாதிக்கொரு பெண்ணாக இரண்டு கல்யாணம் செய்துகொண்டார். பலன் என்ன? ஆளுக்கொரு மகன், ஆளுக்கொரு கட்சி, அந்த மகன்களே தேர்தலில் எதிரிகள். ஜாதியை ஒழிக்கப் போனவர் இரண்டு ஜாதிக்கும் வாரிசு கொடுத்துவிட்டார்! அந்த இரண்டு பெண்களின் சம்மதத்தை யாராவது கேட்டார்களா? இத்தனை காலம் தலைவராயிருந்தும், கொல்லை வழியாக வருகிறவருக்கு ஒரு பேர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லையே, அது ஏன்? நம்மைக் கேலி செய்கிறார்கள் என்று சில தோழர்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

அத்தொழில் செய்யும் தோழர்கள் சிலர், படம் தங்களை இழிவுபடுத்துகிறது என்று ஆட்சேபித்தார்கள். அதை அலட்சியமாகத் தள்ள நாம் தயாராயில்லை. அடிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கும்படிதான் டைரக்டர் எடுத்திருக்கிறார். ஆனால் டெலிவிஷன் முன் உட்கார்ந்து, அடி வாங்குகிறவனைப் பார்த்துச் சிரிக்கிறவனை அவர் என்ன செய்ய முடியும்?

இதெல்லாம் கட்டுக்கதை என்பவர்களுக்கு இதே ஜில்லாவிலிருந்து ஒரு சங்கதி. 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த தாழ்த்தப்பட்ட வகுப்புப் பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு, உங்களுக்கு இனி இங்கே ஒன்றும் கிடையாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார் ஒரு கடைக்காரர். அது செல்போனில் படமாகி ஊரெல்லாம் பரவிற்று. மிகச் சிறிய படம். நடிகர் இல்லை, டைரக்டர் இல்லை. போலீசார் கைது செய்தார்கள், கடைக்குச் சீல் வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை, தோழர்களே! இருந்து, அந்த ஓட்டில் ஒரு தேர்தலும் தொங்கியிருந்தால், மிட்டாய் வீடு தேடி வந்திருக்கும்.

உங்கள் ஊரில் "மண்டேலா"வைப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்கிற தோழர்கள், வடக்குத் தெருவுக்கு ஒரு நாள், தெற்குத் தெருவுக்கு ஒரு நாள் என்று வைக்காதீர்கள். எல்லோரையும் ஒரே பாயில் உட்கார வையுங்கள். யார் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்று பார்த்து வந்து, அடுத்த கூட்டத்தில் நமக்குச் சொல்லுங்கள்.